மதிலுக்கு மேலால் வந்த சோறு

வணக்கம் ஐயா,

என் பெயரை வெளியிட வேண்டாம். மட்டக்களப்பு நகருக்குப் பக்கத்தில் ஆரையம்பதியில் வாடகை வீட்டில் இருக்கிறேன். சொந்த ஊர் வாவிக்கு அக்கரையில் உள்ள படுவான்கரை. கணவர் கத்தாரில் வேலை செய்கிறார். 2021 ஆகஸ்டில் நாடு மூடப்பட்ட நேரத்தில் எனக்குக் கொரோனா வந்தது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து வாசலில் அறிவித்தல் ஒட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து தெருவில் போகிறவர்கள் எங்கள் படலைக்குக் கிட்ட வந்ததும் மறுபக்கத்துக்கு மாறி நடந்தார்கள். காய்ச்சலைவிட அதுதான் எனக்கு வலித்தது.

பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் தனியாக இருந்தார். மெதடிஸ்த சபையைச் சேர்ந்தவர். அதுவரைக்கும் கண்டால் சிரிப்பதோடு சரி. அவர்தான் மத்தியானம் மதிலுக்கு மேலால் சாப்பாடு வைப்பார். வைத்துவிட்டுத் தள்ளிப் போய், நான் வந்து எடுக்கும்வரை நிற்பார். வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது எங்கள் வீட்டில் பழக்கமில்லை. என் கை பட்ட எதையும் கொடுக்கவும் பயம். பாத்திரங்கள் குசினியில் அடுக்கடுக்காகச் சேர்ந்துவிட்டன. "வெறும் பாத்திரத்தையே மதிலில் வை பிள்ளை, வெயிலில் காய்ந்ததும் எடுக்கிறேன்" என்றார்.

இரவில் தொலைபேசியில் பேசுவார். ஒரு நாள், "சங்கீதம் ஒன்று வாசிக்கட்டுமா? பிடிக்காவிட்டால் சொல், நிறுத்திவிடுகிறேன்" என்றார். ஏதோ ஆறுதல் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் வாசித்தது வேதாகமத்தின் 88ஆம் சங்கீதம். "சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக விலக்கினீர்" என்ற வசனத்தோடு அது முடிந்துபோனது. டீச்சர் விளக்கமும் சொல்லவில்லை. கடவுளிடம் இப்படியும் பேசலாமா என்று அன்றிரவு தூக்கம் வராமல் கிடந்தேன். எல்லாம் அங்கேதான் தொடங்கியது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நகரிலுள்ள மெதடிஸ்த ஆலயத்துக்குப் போகிறேன். ஞானஸ்நானம் பெற நினைத்திருக்கிறேன். கணவர் "உன் விருப்பம்" என்கிறார். அம்மாவோடு பேச்சுக் குறைந்துவிட்டது. நான் பிழைத்தது கண்ணகை அம்மனுக்கு அவர் வைத்த நேர்த்தியால்தான் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். கேட்க எரிச்சலாக இருக்கிறது. வைகாசிச் சடங்குக்கு நான் இப்போது போவதில்லை. மாமா பலர் முன்னிலையில் என்னைச் "சோற்றுக்கு மாறியவள்" என்றார்.

டீச்சர் சென்ற வருடம் மகளோடு இருக்கக் கனடாவுக்குப் போய்விட்டார். அங்கே அவருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று நானாக அழைப்பதில்லை. அவர் போன பிறகு ஜெபிக்க உட்கார்ந்தால் மனம் நிற்பதில்லை. நான் நம்பியது இயேசுவையா, அந்த மனுஷியையா? தனிமைக்குப் பயந்து பிடித்த கொழுகொம்புதானா இது?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

நீண்ட கடிதம். சுருக்கியிருக்கிறேன்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் மாமா. அவருடைய சொல் கொடியது, ஆனால் அது ஆகாயத்திலிருந்து விழுந்ததல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையோரத்தில் நிவாரணப் பொதியோடு பிரசங்கத்தையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்தவர்கள் இருந்தார்கள். வீடு வாசல் இழந்து கூடாரத்தில் கிடந்தவர்களுக்கு அது எப்படிப் பட்டிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பசித்தவனுடைய பசியை வைத்து ஆள் சேர்ப்பதைக் கிறிஸ்தவர்கள்தான் முதலில் கண்டித்திருக்க வேண்டும். போதிய அளவு கண்டிக்கவில்லை. நான் கத்தோலிக்க வீட்டில் பிறந்து, பூசைக்குப் பிந்திப் போய் முந்தி வருகிற ஆள் என்றாலும் அந்த வெட்கத்தில் எனக்கும் பங்கு உண்டு.

உங்கள் டீச்சர் செய்தது அந்த வகையைச் சேர்ந்ததல்ல என்பதற்கு உங்கள் கடிதமே சாட்சி. வேதத்தை எடுப்பதற்கு முன் பிடிக்காவிட்டால் சொல் என்றார். வேண்டாம் என்று நீங்கள் சொல்லியிருந்தாலும் மறுநாள் மத்தியானம் மதிலில் சோறு இருந்திருக்கும். அது உங்களுக்கும் தெரியும். பதிலுக்கு அவர் கேட்டது காய்ந்த வெறும் பாத்திரம் ஒன்றைத்தான். உண்ட சோற்றுக்கு வெட்கப்படாதீர்கள். ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்துசேர்ந்த யோசேவ் வாஸ் அடிகளார் வயிற்றோட்டத்தால் சாகக் கிடந்தார். ஒரு பெண் கொண்டுவந்து கொடுத்த கஞ்சியால்தான் அவர் எழுந்து நடமாடினார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். 2015இல் புனிதராக உயர்த்தப்பட்டவரே கஞ்சிக்குக் கடன்பட்டவர் என்றால் உங்கள் மாமா நம் இருவரையும் கொஞ்சம் மன்னிக்கலாம்.

இனி உங்கள் கேள்வி. தனிமைக்குப் பயந்தவர் ஆறுதலைத் தேடுவார். தேடுகிறவருக்கு 23ஆம் சங்கீதம் இருக்கிறது. மேய்ப்பன், புல்வெளி, அமர்ந்த தண்ணீர் என்று எல்லாம் இருக்கிறது. உங்களைப் பிடித்தது 88. முறையீட்டுச் சங்கீதங்களை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலானவை எங்கோ ஓரிடத்தில் திரும்பிவிடும். "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று தொடங்குகிற 22ஆம் சங்கீதம்கூடத் துதியில் போய் முடிகிறது. 88 திரும்புவதில்லை. கூப்பிட்டவனுக்கு அதில் பதில் வருவதில்லை, நோய் குணமாவதில்லை, விலகிப்போன ஆட்களும் வருவதில்லை. அப்படியிருந்தும் கூப்பிடுகிறவன் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். படலைக்குக் கிட்ட வந்ததும் மறுபக்கம் மாறி நடந்தவர்களை நீங்கள் ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில், உங்கள் நிலைமையை உள்ளது உள்ளபடி சொல்லி, அதைக் கடவுளின் முகத்துக்கு நேரே சொன்ன ஒரு பாட்டு உங்கள் காதில் விழுந்திருக்கிறது. ஆறுதல் கிடைத்ததால் நீங்கள் நம்பவில்லை. ஆறுதலே இல்லாத இடத்திலும் பேச ஒருவர் இருக்கிறார் என்பது உங்களைத் தூங்கவிடாமல் செய்திருக்கிறது. பயத்தில் பிடித்த கொழுகொம்பு இவ்வளவு முள்ளாக இருக்காது.

விளக்கம் சொல்லாமல் தொலைபேசியை வைத்தாரே, அதற்காகவே உங்கள் டீச்சரை எனக்குப் பிடித்துவிட்டது. நம்முடைய பிரசங்கிகளில் பலர் நோயாளியின் தலைமாட்டில் நின்றுகொண்டே வெற்றிச் சாட்சி சொல்லக்கூடியவர்கள்.

நீங்கள் உள்ளே வந்த காலத்தையும் யோசித்துப் பாருங்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. இறந்தவர்களில் ஞாயிறு பாடசாலைக்கு வந்திருந்த பிள்ளைகளும் அடங்குவர். அதற்குப் பிறகு இந்த நகரத்தில் யார் யாரை நம்புவது என்பதே குழம்பிப்போனது. பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடியின் குற்றமற்ற சனங்களும் அந்தச் சந்தேகத்தைச் சுமந்தார்கள். அடுத்த உயிர்த்த ஞாயிறு, 2020 ஏப்ரல் 12, ஊரடங்கில் போனது. பீடத்தில் மெழுகுதிரி எரிந்த ஆலயங்களிலும் வாங்குகள் காலியாகக் கிடந்தன. நீங்களோ 2021இல், சபை என்ற ஒன்றைக் கண்ணால் காண்பதற்கு முன்பே, ஒரே ஒரு ஆளின் குரல் வழியாக வந்துவிட்டீர்கள். அந்த ஆள் கனடாவுக்குப் போனதும் எல்லாம் ஆட்டம் காண்பதில் வியப்பில்லை. இதை வைத்து உங்கள் விசுவாசம் போலி என்று முடிவுகட்ட மாட்டேன். இப்போதுதான் அது நாலு பேரோடு பழகத் தொடங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

இயேசுவையா, அந்த மனுஷியையா என்று கேட்கிறீர்கள். இரண்டையும் இப்படி வெட்டிப் பிரிக்க உங்கள் வேதமே இடம் தராது. பவுல் சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தின் கடைசி அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். கர்த்தர் எனக்குத் துணையாக நின்றார் என்கிறார். அதே மூச்சில், லூக்கா மாத்திரம் என்னோடு இருக்கிறான், நீ சீக்கிரம் வா, துரோவாவில் விட்டுவந்த மேலங்கியை எடுத்துக்கொண்டு வா, புஸ்தகங்களையும் கொண்டு வா, மாரிகாலத்துக்கு முன் வந்துவிடு என்கிறார். மட்டக்களப்பில் இருந்து வாசிக்கிறவருக்கு அந்த அவசரம் தனியாக விளங்கும். கார்த்திகை பிறந்து வாவி பெருகிவிட்டால் யார் எங்கே போவது? கர்த்தர் துணை நின்றால் அங்கி எதற்கு, தீமோத்தேயு எதற்கு என்று பவுலுக்குத் தோன்றவில்லை. குளிருக்கு அங்கி வேண்டும், பேச ஆள் வேண்டும். கேட்டார்.

நீங்கள் மட்டும் டீச்சரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று அழைக்காமல் இருக்கிறீர்கள். இது என்ன நியாயம்? மகள் வேலைக்குப் போன பிறகு, பனிக்காலத்தில், அறியாத ஊரில் ஒரு வீட்டுக்குள் இருக்கும் வயதான மனுஷி அவர். உங்கள் இரவு அவருக்குக் காலை நேரமாக இருக்கும். இம்முறை நீங்கள் வாசியுங்கள், அவர் கேட்கட்டும்.

நீங்கள் சேர்ந்திருக்கும் சபை இந்த ஊருக்கு வந்த கதையும் இந்த இடத்தில் உதவும். காந்தி பூங்காவுக்குப் பக்கத்தில், வாவிக் கரையில் மட்டக்களப்பு வாயில் இருக்கிறதல்லவா? 1814இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் வந்து இறங்கிய இடமாக அதைச் சொல்வார்கள். இங்கிலாந்திலிருந்து கப்பல் ஏறியபோது மனைவி கூட வந்தார், வழியில் இறந்துபோனார். அவரோடு கப்பலேறிய மிஷனரிக் குழுவின் தலைவர் தோமஸ் கோக், 1814 மே மாதம் இந்து சமுத்திரத்தில் கப்பலிலேயே இறந்தார். மிஞ்சியவர்கள் காலியில் இறங்கி, ஆளுக்கொரு திசையாக யாழ்ப்பாணம், காலி, மாத்தறை என்று பிரிந்தார்கள். ஓல்டுக்கு மட்டக்களப்பு விழுந்தது. தனி ஆளாக வந்தார். தமிழ் படித்தார், பள்ளிக்கூடம் தொடங்கினார், 1815 ஏப்ரலில் இங்கேயே இறந்தார். முழுதாக ஒரு வருடம்கூட இல்லை. மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் வயதை அந்த 1814இலிருந்துதான் எண்ணுகிறது. கடலில் மனைவியை இழந்துவிட்டு வந்த ஒருவர் அந்த மாதங்களில் இரவில் என்ன ஜெபித்திருப்பார் என்று நான் சில வேளை நினைப்பதுண்டு. 88ஆம் சங்கீதம் அவருக்கும் தெரிந்துதான் இருக்கும். பகலில் இந்த ஊர்ப் பிள்ளைகளோடு இருந்தார். தனிமையில் பிறந்ததெல்லாம் பொய் என்றால் உங்கள் ஆலயத்தின் அத்திவாரத்தையும் அல்லவா தோண்டிப் பார்க்க வேண்டும்?

கடைசியாக ஒன்று. இதைச் சொன்னால் உங்களுக்குக் கோபம் வரலாம். டீச்சரைப் பற்றி நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அம்மாவுக்கு நான்கு வரி. அந்த நான்கு வரியில், நீங்கள் காய்ச்சலோடு கிடந்தபோது அவர் கண்ணகை அம்மனுக்கு நேர்த்தி வைத்தார் என்ற செய்தி இருக்கிறது. அதை எரிச்சல் கணக்கில் எழுதியிருக்கிறீர்கள். பயணத்தடை, வாவிக்கு அக்கரையில் ஒரு தாய், இக்கரையில் வாசலில் அறிவித்தல் ஒட்டிய வீட்டுக்குள் பிள்ளை. அவரால் சோறு கொண்டுவர முடியாது. செய்யக்கூடியதாக இருந்தது ஒன்றுதான், அதைச் செய்தார். அந்த நாட்களில் உங்களுக்காக இரண்டு பெண்கள் மன்றாடியிருக்கிறார்கள். ஒருவர் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றதால் உங்கள் கண்ணில் பட்டார்.

நான் நேர்த்தியையும் சங்கீதத்தையும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. உங்கள் போதகர் அதை ஒப்பமாட்டார். கோயில் பூசாரியான கப்புகனாரும் ஒப்பமாட்டார். சடங்கில் நிற்பதா, அங்கே தரும் குளிர்த்தித் தண்ணீரை வாங்குவதா என்பதெல்லாம் உங்கள் மனச்சாட்சியின் விடயம். விக்கிரகங்களுக்குப் படைத்ததை உண்பது பற்றிக் கொரிந்தியருக்குப் பவுல் நீளமாக எழுதியிருக்கிறார், அதையும் வாசித்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஆனால் அம்மா இருப்பது கோயிலில் மட்டுமா? சடங்கு முடிந்து பந்தல் பிரித்த பிறகும் அவர் அதே வீட்டில்தான் இருக்கிறார். யாரும் கிட்ட வராத வேதனையை அனுபவித்த நீங்கள் அதையே அவருக்குக் கொடுக்கலாமா? ஒரு மதத்துக்குள் போனவர்கள் பிறந்த வீட்டின் படலையை அடைத்துவிடுவதை இந்த மாவட்டத்தில் நிறையக் கண்டிருக்கிறேன். எந்த மதம் என்பதில் வேறுபாடு இருந்தது, அடைத்த விதத்தில் இல்லை.

ஞானஸ்நானத்துக்கு நாள் குறிக்க நினைத்தால், அதை முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள். தொலைபேசியில் வேண்டாம், நேரே போங்கள். மண்முனைப் பாலம் 2014இலேயே திறந்தாயிற்று, படகுக்குக் காத்திருக்க வேண்டும் என்ற சாட்டும் இப்போது செல்லாது. அவர் அழுவார், ஏசுவார், மாமாவையும் கூப்பிடுவார். மாமாவோடு வாதத்துக்கு நிற்க வேண்டாம். அந்த நேர்த்திக்கு நன்றி என்று அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியுமானால் சொல்லுங்கள். நீங்கள் நம்பாததை நம்புவதாகச் சொல்லத் தேவையில்லை. ஒரு நாளில் ஆகாது, இரண்டு மூன்று முறை போகவேண்டி வரும். போதகர் அதுவரை பொறுப்பார்.

அன்புடன்.