காரைக்குடியிலிருந்து கடலும் காடும்: டென்ட் போட இடத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

காரைக்குடியிலிருந்து காரில் கிளம்பி, இரண்டு பிள்ளைகள், அப்பத்தாவோடு மூன்று நாள். ஒரு ராத்திரி கடற்கரையில், ஒரு ராத்திரி காட்டில், இரண்டும் டென்டில். எந்த கேம்ப் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த மாதம் போகிறீர்கள் என்று சொல்லவில்லையே! ஊர்ப் பெயரைவிட அதுதான் முக்கியம். ஒரே கடற்கரை செப்டம்பரில் குளம் மாதிரி கிடக்கும், டிசம்பரில் டென்டைப் பிடுங்கி எறியும். முதலில் காற்று, அப்புறம் தரை, அதற்கும் அப்புறம்தான் கேம்ப்பின் பெயர், வாடகை, போட்டோ எல்லாம்.

நமக்குப் பக்கத்தில் இருப்பது இரண்டு கடல். தொண்டி, தேவிபட்டினம், அரியமான் எல்லாம் பாக் நீரிணைப் பக்கம். பாம்பன்காரர்கள் இதை வடகடல் என்பார்கள். சேதுக்கரை, வாலிநோக்கம், குந்துகால் எல்லாம் மன்னார் வளைகுடா, அது தென்கடல். ஐப்பசி முதல் தை வரை வாடைக்காற்று வடகடலைக் கலக்கிவிடும், அந்த நேரத்தில் தென்கடல் அடங்கிக் கிடக்கும். சித்திரைக்குப் பிறகு தென்மேற்கிலிருந்து சோழகமும் கச்சானும் எழும்பினால் நிலைமை தலைகீழ்: தென்கடல் பொங்கும், வடகடல் தட்டையாகக் கிடக்கும். ஆகவே காலாண்டு விடுமுறை என்றால் வடகடல், பொங்கல் லீவு என்றால் தென்கடல். தை பாதியிலிருந்து பங்குனி தொடக்கம் வரை வாடை தளர்ந்து மழையும் விட்டிருக்கும். லீவு கிடைத்தால் அந்த நாட்களை எடுங்கள், இரண்டு பக்கமும் சரிப்படும்.

இதில் ஒரு பொறி உண்டு. சோழகம் வீசும் மாதங்களில் வடகடல் சாதுவாகத் தெரிவதற்குக் காரணமே காற்று கரையிலிருந்து கடலுக்குள் அடிப்பதுதான். பிள்ளைகள் காற்றடைத்த டியூபிலோ மிதவையிலோ ஏறினால், அலையே இல்லாத தண்ணீரில் சத்தமில்லாமல் உள்ளே போய்விடுவார்கள். இடுப்பளவுத் தண்ணீர்தானே என்று விட்டுவிடாதீர்கள். மிதவையில் கயிறு கட்டி, மறுமுனை பெரியவர் ஒருவர் கையில் இருக்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் கடற்கரை டென்ட் வேண்டவே வேண்டாம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியபோது கோடியக்கரைக் காட்டில் பெரிய மரங்களே சாய்ந்தன. பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தால், அட்வான்ஸ் போனாலும் போகட்டும், வீட்டில் இருங்கள்.

இனி இடங்கள். தொண்டிக்குத் தேவகோட்டை, திருவாடானை வழியாக ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கிருந்து தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிக் காரங்காடு. வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள், துடுப்புப் படகும் உண்டு, சாப்பாடு முன்கூட்டிச் சொல்லிவைக்க வேண்டும். பகலில் அருமையான இடம். ராத்திரி தங்குவதற்கு அலையாத்திக் காட்டின் ஓரத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். சாயங்காலம் கடற்காற்று அடிக்கும்வரை கொசுவே தெரியாது, "எவ்வளவு நல்ல இடம்" என்று தோன்றும். பத்து, பதினொரு மணிக்குக் கடற்காற்று நின்று தரைக்காற்று திரும்பும்போது, பின்னால் இருக்கிற சேற்றிலிருந்தும் வயலிலிருந்தும் கொசு மொத்தமாகக் கிளம்பி வரும். பின்புறம் சேறோ தேங்கிய தண்ணீரோ இல்லாத திறந்த மணற்கரை என்றால் இந்தத் தொல்லை பாதியாகக் குறையும்.

தனுஷ்கோடியில் டென்ட் என்று யாராவது விளம்பரம் போட்டால் நம்பாதீர்கள். சாயங்காலம் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்கா, இறங்கித் தங்கும் பேச்சே இல்லை.

கடலும் காடும் ஒரே இடத்தில் வேண்டும் என்றால் நம் பக்கத்தில் கோடியக்கரைதான். அறந்தாங்கி, முத்துப்பேட்டை வழியாக நாலு மணி நேரம் பிடிக்கும். 1967 முதல் சரணாலயம். கடலை ஒட்டியே உலர் பசுமைமாறாக் காடு, வெளிமான், மார்கழி வாக்கில் பூநாரை. ஆனால் சரணாலயத்துக்குள் உங்கள் டென்டை விரிக்க முடியாது. வனத்துறை விடுதியில் முன்பதிவு செய்யுங்கள், இல்லையென்றால் வேதாரண்யத்தில் அறை எடுத்து விடியற்காலையில் போங்கள். அப்பத்தா வருகிறார் என்பதால் சொல்கிறேன்: டென்ட் ஆசையை ஒரு ராத்திரியோடு நிறுத்திக்கொண்டு, மறு ராத்திரி கட்டில் இருக்கும் இடத்தில் படுப்பதுதான் எல்லோருக்கும் நல்லது. ஆத்தங்குடித் தரையில் பாய் விரித்துப் படுத்த முதுகாக இருந்தாலும், மணலில் இரண்டு ராத்திரி தாங்காது.

டென்டுக்கான காடு என்றால் சிறுமலை. சிங்கம்புணரி, நத்தம் வழியாகத் திண்டுக்கல் போய், பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு ஏறினால் மேலே தனியார் தோட்டங்களில் டென்ட் போட இடம் தருகிறார்கள். கிளம்பியதிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். தோட்டம் என்றால் தோட்டத்துக்குள் மட்டும்தான். வேலி தாண்டினால் காப்புக்காடு, அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேறப் போனவர்கள் இறந்த பிறகு விதிகள் இறுகிவிட்டன. "நாங்க உள்ளே கூட்டிட்டுப் போவோம் சார்" என்று கேம்ப்காரர் சொன்னால், வனத்துறை அனுமதிச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். மாசி, பங்குனியில் காட்டோரம் தீ மூட்டித்தான் ஆக வேண்டும் என்று அடம்பிடிக்கும் கேம்ப்பையும் தவிர்த்துவிடுங்கள். கோடைக்கானலுக்கு மாற்றிக்கொள்வதானால் 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம், அதை எடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

இப்போது தரை. போன் பேசும்போதே லொகேஷனை அனுப்பச் சொல்லி, சேட்டிலைட் படத்தில் பாருங்கள். செடியே இல்லாமல் வெளிறிய சாம்பல் திட்டாகத் தெரிந்தால் அது உவர் நிலம், ஒரு மழைக்கே தண்ணீர் நிற்கும். கோடு கோடாக ஓடை வந்து சேரும் இடமாக இருந்தாலும் வேண்டாம். நேரில் போனதும் மணலைப் பாருங்கள். ஊதா நிறத்தில் பூத்து, ஆட்டுக் குளம்பு மாதிரி இலையோடு அடப்பங்கொடி படர்ந்திருக்கிறதே, அதுவரை சாதாரண ஏற்றத் தண்ணீர் வருவதில்லை. டென்ட் அந்தக் கொடிக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். காய்ந்த கடற்புல் வரிசையாக ஒதுங்கிக் கிடந்தால் கடைசி ஏற்றம் அதுவரை வந்திருக்கிறது என்று அர்த்தம். நம் பக்கத்துக் கரை சரிவே இல்லாத கரை என்பதால், பௌர்ணமி, அமாவாசையில் தண்ணீர் கொஞ்சம் உயர்ந்தாலும் வெகுதூரம் உள்ளே வந்துவிடும்.

அடுத்த எதிரி முள். ராமநாதபுரம் கடற்கரை முழுக்கச் சீமைக்கருவேல், மணலுக்குள் அதன் முள் கண்ணுக்குத் தெரியாமல் படுத்திருக்கும். ஒரு முள் போதும்: தரைத்துணி, காற்று மெத்தை இரண்டையும் துளைத்துவிடும், காலையில் மெத்தை அப்பளமாகக் கிடக்கும். விளக்குமாற்றால் இரண்டு விரற்கடை ஆழத்துக்கு மணலைச் சீய்த்துத் தள்ளிவிட்டு, கனமான தார்ப்பாய் விரித்து, அதன்மேல் டென்ட். தார்ப்பாய் டென்டின் அடியை விட நாலு பக்கமும் ஒரு சாண் சிறியதாக இருக்க வேண்டும். பெரியதாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைத் தண்ணீரை அதுவே ஏந்தி டென்டுக்கு அடியில் சேர்த்துவிடும். காற்று மெத்தையை விடக் கோரைப்பாயும் ஜமக்காளமும் மேல். சிறுமலைக்கு மட்டும் பாய்க்கு அடியில் ஒரு ஃபோம் விரிப்பு சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே குளிர் தரையிலிருந்துதான் ஏறும், போர்வையைக் கூட்டிப் பயனில்லை.

டென்டோடு வரும் ஒரு சாண் கம்பி ஆணி மணலில் நிற்காது. காற்று இரண்டு முறை இழுத்தால் கையோடு வரும். காலி சிமென்ட் சாக்கு ஆறு எடுத்துப் போங்கள். பாதிக்கு மணல் நிரப்பி வாயைக் கட்டி, அந்தக் கட்டிலேயே டென்டின் கயிற்றையும் முடிந்து, முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதைத்து, மேலே ஏறி மிதியுங்கள். பிறகு கயிற்றை இழுத்துக் கட்டினால் அசையாது. வாசல் காற்றுக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும். காற்றைப் பார்த்து வைத்தால் பலூன் மாதிரி உப்பிக் கம்பி முறியும்.

தென்னைக்கும் பனைக்கும் அடியில் நிழல் கிடைக்கும், மட்டையும் காயும் சேர்ந்தே கிடைக்கும். பத்தடி தள்ளியாவது போடுங்கள். சவுக்குத் தோப்பு குளிர்ச்சிதான், ஆனால் உதிர்ந்து கிடக்கும் இலை பொறி பட்டாலே பற்றும், அடுப்பை அங்கே வைக்காதீர்கள். பலரும் யோசிக்காத ஒன்று: தொண்டிப் பக்கக் கடற்கரை கிழக்கு பார்த்தது, மரங்கள் மேற்கே நிற்கும். காலை ஆறரைக்கே வெயில் நேராக டென்டில் விழும், ஏழரைக்கு உள்ளே இருக்க முடியாது. கிழக்குப் பக்கம் இரண்டு கம்பு நட்டு ஒரு தார்ப்பாயைச் சாய்வாகக் கட்டிவிட்டால் பிள்ளைகள் இன்னும் ஒரு மணி நேரம் தூங்குவார்கள்.

குளிருக்குப் பயந்து ஜிப்பை முழுக்க மூடிப் படுக்காதீர்கள். நாலு பேர் மூச்சின் ஈரம் மேல்துணியில் பட்டு விடியற்காலையில் சொட்டும், மழை பெய்ததாக நினைத்துக்கொள்வீர்கள். மேலே இருக்கிற வலை ஜன்னல் இரண்டும் திறந்தே இருக்கட்டும். அடுப்பு, ஹீட்டர் எதுவும் டென்டுக்குள் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

தண்ணீர் விஷயத்தில் கேம்ப்காரர் சொல்வதை நம்ப வேண்டாம். கடலோரக் கிணறும் போர்வெல்லும் பெரும்பாலும் உப்பு, நம் காரைக்குடி சம்பை ஊற்றுத் தண்ணீர் குடித்துப் பழகிய நாக்குக்கு ஒரு டம்ளர் இறங்காது. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் என்று கணக்கிட்டு, 20 லிட்டர் கேன்களை ஊரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். முதல் நாளுக்குக் கட்டுச்சோறு போதும், புளியோதரை சாயங்காலம் வரை தாங்கும். மீன் வாங்கிச் சமைக்கும் எண்ணம் இருந்தால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகு மீன்தான், விலை ஏறியிருக்கும். சிறுமலையில் சாப்பாட்டுப் பையை டென்டுக்குள் வைத்தால் குரங்கு துணியைக் கிழித்து எடுக்கும். காருக்குள் வைத்துக் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள். அங்கே காட்டுமாடு வந்தால் டார்ச்சை முகத்தில் அடித்து விரட்டாமல், சத்தமில்லாமல் ஒதுங்குங்கள்.

கடலுக்குள் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடக்கச் சொல்லுங்கள். சேறு கலந்த ஆழமில்லாத தண்ணீரில் திருக்கை மணலுக்கடியில் படுத்திருக்கும். மிதித்தால் குத்தும், தேய்த்து வந்தால் விலகி ஓடும். குத்திவிட்டால் பொறுக்கும் அளவு சூடான தண்ணீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் காலை வைத்திருந்தால் வலி அடங்கும், பிறகு ஆஸ்பத்திரி. பாம்புக்கடிக்குக் கட்டுப் போடுவதும் கீறுவதும் கூடாது. 108, திருவாடானை அல்லது ராமநாதபுரம் அரசு மருத்துவமனை. மலையில் என்றால் திண்டுக்கல். இறங்கவே ஒரு மணி நேரம் ஆகும் என்பதால், அப்பத்தாவுக்கு இருதய மருந்து ஏதும் ஓடினால் சிறுமலையை யோசித்தே முடிவு செய்யுங்கள்.

அப்புறம், மீனவர் கரை என்பது பொது இடம் மாதிரித் தெரிந்தாலும் அது அவர்கள் தொழில் செய்யும் இடம். வலை காயும் இடத்தில் டென்ட் போட்டால் விடியற்காலை மூன்று மணிக்கு எழுப்பிவிடுவார்கள், அது நியாயமும்கூட. இலங்கை பக்கத்தில் இருப்பதால் ராத்திரியில் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் ரோந்து உண்டு. வேலி போட்ட, உரிமையாளர் ராத்திரி அங்கேயே படுக்கும் இடமாக எடுங்கள், ஆதார் கையில் இருக்கட்டும், பிள்ளைகள் கடலைப் பார்த்து டார்ச் அடித்து விளையாட வேண்டாம்.

முன்பணம் அனுப்பும் முன் கேம்ப்காரரிடம் கேட்க வேண்டியது நாலே நாலு. சுற்றுலாத் துறையில் பதிவு செய்திருக்கிறீர்களா? கழிவறை டென்டிலிருந்து எத்தனை அடி, வெஸ்டர்னா? ராத்திரி யார் இருப்பார்? கடைசி ஒரு கிலோமீட்டர் பாதை தாரா, மணலா? கழிவறையைப் போட்டோ எடுத்து இன்றைக்கே அனுப்பச் சொல்லுங்கள். சூரிய உதயப் படத்தை மட்டும் திரும்பத் திரும்ப அனுப்புகிறவரை விட்டுவிடலாம். மணல் பாதைதான் என்றால் டயர் காற்றை 20 psi-க்கு இறக்கி மெதுவாக ஓட்டுங்கள், சக்கரம் சுழன்றால் ஆக்சிலேட்டரை விட்டுவிடுங்கள், மிதிக்க மிதிக்கப் புதையும். ஒரு மண்வெட்டி, இரண்டு பலகைத் துண்டு, தார்ச்சாலை ஏறியதும் காற்றைத் திரும்ப நிரப்ப ஒரு சின்ன பம்ப் டிக்கியில் கிடக்கட்டும்.

திரும்பி வந்த அன்றே டென்டை மொட்டை மாடியில் விரித்து நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, ஜிப்பில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துக் காயவைத்து மடியுங்கள். உப்போடு மடித்தால் அடுத்த முறை ஜிப் திறக்காது.