பாட்டில்மேல் இருக்கும் பேரைப் பாருங்கள்

கேள்வி: அக்கா, என் வீட்டுக்காரர் வேலை விஷயமாக ஸ்பெயின் போய்விட்டு மூன்று பாட்டில் ஆலிவ் வாங்கி வந்தார். கோர்தால், மான்சனில்லா, அலோரேன்யா என்று எழுதியிருக்கிறது. மூன்றும் பச்சைதான். ஆனால் ஒன்று ரொம்பப் பெரிசு, ஒன்று சின்னது, நசுக்கிப் போட்டிருக்கிற மூன்றாவது கசக்கிறது. கெட்டுப்போயிருக்குமா?
வாசகி, காட்பாடி

பதில்: கொட்டிவிடாதீர்கள் தங்கச்சி! மூன்றில் எனக்கு ரொம்பப் பிடித்ததே அந்தக் கசப்பு ஆலிவ்தான். மாம்பழம் வாங்கும்போது பங்கனப்பள்ளியா, ருமானியா, மல்கோவாவா என்று பேர் கேட்காமல் நாம் காசை எடுப்பதில்லை, ஆனால் ஆலிவ் என்று வந்தால் பச்சையா கறுப்பா என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். பேரைக் கேட்டு வாங்க வேண்டிய காய் இதுவும்தான்.

ஆலிவ் மரத்துக் காயைப் பறித்ததும் வாயில் போட முடியாது. ஒலியூரோப்பின் என்று ஒரு பொருள் சதை முழுக்க இருக்கிறது, நாக்கு சுருண்டுவிடும். அதை எப்படி எடுக்கிறார்கள், எவ்வளவு விட்டுவைக்கிறார்கள் என்பதில்தான் பாதி ருசி இருக்கிறது, மீதிப் பாதி ரகத்தில்.

உங்களிடம் இருக்கும் சின்னது, மான்சனில்லா. எழுத்தைப் பார்த்து நாம் அப்படிப் படிக்கிறோம், அவர்கள் மான்சானியா என்பார்கள். ‘குட்டி ஆப்பிள்’ என்று அர்த்தம், உருண்டையாக இருப்பதால் வந்த பேர். செவில் நகரத்தைச் சுற்றி விளைகிறது. பச்சையாக இருக்கும்போதே கையால் பறிக்கிறார்கள், அந்தப் பறிப்புக்கு அவர்கள் சொல்லும் வார்த்தைக்கு ‘பால் கறப்பது’ என்று பொருள், ஏனென்றால் கிளையை விரல்களுக்கு நடுவில் பிடித்துக் கீழே இழுத்து உருவுகிறார்கள், மடியைப் பிடிக்கிற மாதிரியே. அடிபட்டால் காயில் பழுப்பு விழுந்துவிடும், அதனால் அவ்வளவு பக்குவம். அப்புறம் காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீரில் போடுகிறார்கள். அது சதையில் மூன்றில் இரண்டு பங்கு வரைக்கும் இறங்கியிருக்கிறதா என்று ஒரு காயை வெட்டிப் பார்த்துவிட்டுக் கழுவி எடுக்கிறார்கள். கொட்டையை ஒட்டிக் கொஞ்சம் கசப்பு வேண்டும் என்றே விடுகிறார்கள். அதன் பிறகு மாதக் கணக்கில் உப்புத் தண்ணீரில் புளிக்கிறது, தோசை மாவு புளிப்பதுபோல லாக்டிக் புளிப்புதான். நடுவில் சிவப்புக் குடைமிளகாய் அடைத்து வருவதும் பெரும்பாலும் இந்த ரகம்.

பெரிசு கோர்தால். ‘குண்டு’ என்று பொருள், அதுவும் செவில் பக்கம். எண்ணெய்ச் சத்து குறைவு, அதனால் ஆட்ட மாட்டார்கள், தின்பதற்கு மட்டும்தான். கடித்தால் மொறுக்கென்று இருக்கும். இதை எதிலும் கலந்து சமைக்காதீர்கள், தனியாகத் தின்னுங்கள்.

நசுக்கினது, மாலகா மாகாணத்து அலோரேன்யா. இதற்குச் சோடா கிடையாது. காயைத் தட்டி வாயைப் பிளந்து, பூண்டு, பெருஞ்சீரகத் தண்டு, தைம் தழை எல்லாம் போட்டு உப்புத் தண்ணீரில் ஊறவிடுகிறார்கள். இயல்பிலேயே கசப்பு குறைந்த ரகம், அதனால் சில நாளிலேயே சாப்பிடலாம், ஆனாலும் கொஞ்சம் கசப்பு நிற்கும். அது அதன் குணம். ஒன்றை விரலால் அழுத்திப் பாருங்கள், கொட்டை சதையை விட்டுத் தனியாகக் கழன்று வந்துவிடும். நாளாக ஆக நிறம் மங்கும், அதனால் முதலில் இந்த பாட்டிலைத் தீர்த்துவிடுங்கள், தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள அருமையாக இருக்கும்.

கேள்வி: பீட்சா மேல் போடும் கறுப்பு ஆலிவ் சாயம் ஏற்றியதா?
கல்லூரி மாணவர், ஆரணி

பதில்: சாயம் இல்லை தம்பி, ஆனால் மரத்தில் பழுத்த கறுப்பும் இல்லை. பழுக்காத காயைச் சோடாவில் போட்டு, காற்றை ஊதி, காற்றுப் பட்டுக் கறுக்க வைக்கிறார்கள், அந்த நிறம் நிற்க இரும்பு குளுக்கோனேட் சேர்க்கிறார்கள். டப்பாவின் சேர்மானப் பட்டியலில் அதற்கான 579 என்ற எண்ணைத் தேடிப் பாருங்கள். ஸ்பெயினில் இதற்கு அதிகம் போவது ஓஹிபிளாங்கா, காசரேன்யா ரகங்கள். ஓஹிபிளாங்கா என்றால் ‘வெள்ளை இலை’, இலையின் அடிப்பக்கம் வெளுத்திருக்கும். நல்ல ரகம்தான், எண்ணெய்க்கும் ஆகும், ஆனால் இப்படிக் கறுக்க வைத்தால் ருசி ரொம்பப் போய்விடுகிறது என்பது என் அபிப்பிராயம். மரத்திலேயே கறுத்தது வேண்டுமென்றால் அரகோன் பகுதி எம்பெல்த்ரே என்று கேளுங்கள். வெட்டினால் ஒரே கறுப்பாக இருக்காது, ஊதாவும் பழுப்புமாக இருக்கும்.

கேள்வி: மகன் அனுப்பிய ஆலிவ் எண்ணெய் தொண்டையில் மிளகு மாதிரி எரிகிறது. பாட்டிலில் பிக்குவால் என்று இருக்கிறது. கெட்டுவிட்டதா அம்மா?
ஓய்வுபெற்ற ஆசிரியர், குடியாத்தம்

பதில்: நல்ல எண்ணெய் ஐயா. பிக்குவால் ஹயேன் மாகாணத்து ரகம், ஸ்பெயினில் மிக அதிகமாக நடப்பட்டிருப்பதும் இதுதான். காயின் நுனி கூராக இருப்பதால் அந்தப் பேர். அந்தக் கசப்பையும் எரிச்சலையும் கொடுக்கிற பொருட்கள்தான் எண்ணெயைச் சீக்கிரம் காறவிடாமலும் காக்கின்றன. கெட்ட எண்ணெய் எரியாது, பழைய மல்லாட்டைப் பருப்பு மாதிரி காறல் வாடை அடிக்கும், உங்களுக்குத் தெரியாததா! இலவம்பாடி முள் கத்திரிக்காயைச் சுட்டு, தோலை உரித்து, பூண்டும் உப்பும் போட்டு மசித்து, மேலே ஒரு கரண்டி இதை ஊற்றிப் பாருங்கள். எரிச்சல் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அடுத்த முறை அர்பெக்கினா அனுப்பச் சொல்லுங்கள். கட்டலோனியாவில் அர்பெக்கா என்ற ஊரின் பேரில் வந்த சின்னக் காய், எண்ணெய் சாதுவாக இருக்கும், ஆனால் பிக்குவால் அளவுக்கு நாள் தாங்காது.

கேள்வி: மலைப்பக்கம் உப்பு மிளகாய்த்தூள் போட்டு விற்கும் வெரளிக்காய்தான் ஆலிவா?
வாசகி, வாணியம்பாடி

பதில்: இல்லை. உருவம்தான் ஒரே மாதிரி. ஆலிவ் நம் மல்லிகைக் குடும்பத்து மரம், வெரளி வேறு குடும்பம்.

கேள்வி: நாங்கள் சைவம். அடைத்த ஆலிவ் வாங்கலாமா?
வாசகர், ஆற்காடு

பதில்: உள்ளே என்ன அடைத்திருக்கிறது என்று படித்துவிட்டு வாங்குங்கள். குடைமிளகாய், பாதாம், பூண்டு என்றால் பயமில்லை. ஆஞ்சோவி என்றிருந்தால் அது நெத்திலி மாதிரி ஒரு மீன், ஸ்பெயினில் ரொம்பப் பிரபலமான அடைப்பு அதுதான். வெளியே பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, சமயத்தில் மீன் விழுதை மட்டும் உள்ளே வைத்திருப்பார்கள். படத்தை நம்பாதீர்கள், சேர்மானப் பட்டியலைப் பாருங்கள்.