ஹாலிவுட் நடிகர் கிர்க் டக்ளஸ் நல்ல தந்தையாக இருந்தாரா?

ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் விடை கூற இயலாது. 1916-இல் நியூயார்க் மாநிலத்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில், குதிரை வண்டியில் கந்தல் துணி சேகரித்துப் பிழைத்த யூதக் குடியேறி ஒருவரின் மகனாகப் பிறந்த டக்ளஸ், 1949-இல் குத்துச்சண்டை வீரராக நடித்த ‘சாம்பியன்’ படத்தின் மூலம் உச்சத்துக்கு வந்தார். 1951-இல் முதல் மணம் முறிந்தபோது மூத்த மகன் மைக்கேலுக்கு ஏழு வயதுகூட நிறையவில்லை. அவரும் தம்பி ஜோயலும் தாயிடமே வளர்ந்தனர்.

தந்தைக்கும் மகனுக்கும் இடையிலான உறவை நன்கு காட்டுவது வேறொரு நிகழ்வு. 1963-இல் நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடையில் தாம் நடித்த ‘ஒன் ஃப்ளூ ஓவர் த குக்கூஸ் நெஸ்ட்’ கதையைப் படமாக்க டக்ளஸ் பல ஆண்டுகள் முயன்றும் எந்த ஸ்டூடியோவும் முன்வராததால், உரிமையை மைக்கேலிடம் ஒப்படைத்தார். ஆனால் மைக்கேல் இணைந்து தயாரித்து 1975-இல் வெளிவந்த படத்தில், தந்தை ஏங்கிய வேடம் ஜாக் நிக்கல்சனுக்குப் போயிற்று. டக்ளஸுக்கு அப்போது ஏறக்குறைய அறுபது வயது என்பதால் முடிவில் நியாயம் இருந்தது; வலி இல்லாமல் போகுமா என்ன? அப்படம் ஐந்து ஆஸ்கர் விருதுகளை வென்றது. மூன்று முறை பரிந்துரைக்கப்பட்டும் வெல்லாத தந்தைக்கு 1996-இல்தான் கௌரவ ஆஸ்கர் கிடைத்தது. கடைசி மகன் எரிக்கை 2004-இல் பறிகொடுத்த அவர், 2020-இல் தமது 103-ஆம் வயதில் காலமானார்.