சீக்வென்சரின் தாளம் ஏன் நழுவுகிறது?

நிமிடத்துக்கு 120 தாள அடி என்று வைத்தும் உங்கள் சீக்வென்சர் (சுரங்களை உரிய நேரத்தில் வரிசையாக ஒலிக்கச் செய்யும் நிரல்) விரைந்து ஓடுவதாகவும், இடையிடையே தடுமாறுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இவை இரண்டும் வெவ்வேறு கோளாறுகள். சவுண்ட் கார்டைச் சந்தேகிக்கும் முன், குறித்த இடைவெளியில் நிரலை எழுப்பும் டைமரைப் பாருங்கள்.

மின்னிசைக் கருவிகளை ஒரே தாளத்தில் ஓடவைக்கும் மிடி கடிகாரத்தில் ஓர் அடிக்கு 24 துடிப்புகள். 120 வேகத்தில் ஒரு துடிப்புக்கு 20.83 மில்லிவினாடி. டைமர் முழு எண்ணை மட்டுமே ஏற்குமானால் அது 20 ஆகக் குறுகி, தாளம் 125 அடிக்கு ஏறிவிடும். 21 என்று வைத்தால் ஏறத்தாழ 119க்கு இறங்கிவிடும். ஆகவே இடைவெளிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போகாமல், ஒவ்வொரு துடிப்பும் விழவேண்டிய நேரத்தைப் பாட்டு தொடங்கிய கணத்திலிருந்து பின்ன எண்ணிலேயே கணக்கிடுங்கள். பிழை சேரவே சேராது. என் பார்வையில் இதுதான் முதலில் செய்ய வேண்டிய திருத்தம்.

தடுமாற்றத்துக்குக் காரணம், வேறு வேலையில் இருக்கும் இயங்குதளம் டைமரைத் தாமதமாக எழுப்புவதுதான். சுரத்தை ஒலிக்கும் பொறுப்பை டைமரிடம் விடாமல், 25 மில்லிவினாடிக்கு ஒருமுறை விழித்து, அடுத்த 100 மில்லிவினாடிக்குள் வரும் சுரங்களைச் சவுண்ட் கார்டின் கடிகாரப்படி முன்கூட்டியே வரிசையில் சேர்த்துவிடுங்கள்.

தாளம் சரியாக இருந்து, படபடவென்ற வெடிப்பொலி மட்டும் கேட்டால், ஒலித்தரவைச் சற்று நேரம் தேக்கிவைக்கும் பஃபரை 256 சாம்பிளிலிருந்து (சாம்பிள் என்பது ஒலியின் ஓர் அளவீடு) 512க்கு உயர்த்துங்கள். 44,100 ஹெர்ட்ஸில், அதாவது வினாடிக்கு 44,100 சாம்பிள் வீதத்தில், அது ஏறத்தாழ 11.6 மில்லிவினாடித் தாமதம்தான்.