வெறுங்கூட்டில் அடை கிடக்கிற பேடு

உப்புவெளியில், சேவல் இல்லாத வளவில் உங்கட பேடு 10 நாளாக வெறுங்கூட்டில் அடை கிடக்குது, தண்ணியில் முக்கியும் தெளியவில்லை என்று கேட்டிருந்தீங்கள். தயவுசெய்து இனி முக்காதீங்கோ, கோழி வெருண்டு போகும். வயிற்றடிச் சூடு தணியவேணும், அதுக்குக் காத்துத்தான் மருந்து. அடியிலும் கம்பிவலை உள்ள கூட்டை நாலு கல்லில் ஒரு அடி உயர்த்தி, மரநிழலில் வைச்சு, பேட்டை அதுக்குள்ள விடுங்கோ. வைக்கோல், சாக்கு ஒன்றும் வேண்டாம். தீன் குறைக்காதீங்கோ, கச்சான் என்கிற வறண்ட சூட்டுக் காத்து வீசுற நாளில் தண்ணியை இரண்டு தரம் மாத்துங்கோ. இரவும் அதுக்குள்ளேயே, மரநாய் நுழையாமல் பூட்டி. ஒரு இரவு அது அடை கிடந்த பழைய பெட்டியில் படுத்தாலே பட்ட பாடு வீண்.

மூன்றாம் நாள் திறந்து விடுங்கோ. மற்றக் கோழிகளோட மேய்ந்தால் சரி. இறகு சிலிர்த்துக் கொக்கரிச்சுக்கொண்டு பெட்டிக்கு ஓடினால் இன்னும் இரண்டு நாள். செட்டையடியில் செள் (கோழிப்பேன்) இருக்கா என்றும் பாருங்கோ. திரும்ப முட்டையிட இரண்டு மூன்று கிழமை செல்லலாம்.