கடலுக்குள் அச்சுக்கல்: செயற்கைப் பார் பற்றிய கேள்வி பதில்

பிறந்தது முல்லைத்தீவு, தொழில் சீமெந்துக் கலவைகளைச் சோதிப்பது. மெசின் கலவையை வரிவரியாகப் பிழிந்து அடுக்கும் முப்பரிமாண அச்சில் செய்த கல்தான் அச்சுக்கல். அதைக் கடலில் இறக்கி, மீனும் முருகைக்கல்லும் (பவளமும்) தங்கும் செயற்கைப் பார் அமைப்பது பற்றித்தான் இங்கே பேச்சு. கலவை பற்றிக் கேளுங்கள், தெரிந்ததை எல்லாம் சொல்கிறேன்.

அளம்பில் வாசகர்: சாதாரண சீமெந்துக் கல்லைக் கடலில் இறக்கினால் என்ன? அதுவும் கல்தானே அக்கா?

கல்தான் தம்பி, ஆனால் புதுக் கல்லில் காரம் அதிகம். காரத்தைக் காட்டும் பி.எச். எண் கடல்நீரில் 8.1 அளவில் நிற்கும். புதிதாக இறுகிய சீமெந்துக்குள் இருக்கும் நீரில் அது 12.5க்கு மேல். உடைத்த முகத்தில் பள்ளிக்கூட ஆய்வுகூடத்து பினோல்ப்தலீன் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், நாவற்பழம் தின்ற நாக்குப் போல நிறம் மாறும். அப்படிப்பட்ட முகத்தில் முருகைக்கல் குஞ்சுகள் ஒட்டத் தயங்கும். பழைய பாலத் தூண்களில் சிப்பி அப்பிக் கிடக்கிறதே என்பீர்கள். அது கடல் வருடக்கணக்காகக் கழுவிய சீமெந்து.

அந்தக் காத்திருப்பைக் குறைக்கத்தான் கலவையை மாற்றுகிறோம். சீமெந்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டு நிலக்கரிச் சாம்பல், இரும்பாலைக் கசடு, சுட்ட களிமண் போன்றவற்றைச் சேர்த்தால், அவை காரம் தரும் சுண்ணாம்பைத் தின்று இறுகும். கடல்நீரின் சல்பேற்று அரிப்பையும் நன்றாகத் தாங்கும். நிலக்கரிச் சாம்பல் நுரைச்சோலை அனல்மின் நிலையத்திலேயே கிடைக்கிறது. ஆனால் அதில் பார உலோகங்கள் இருக்கலாம். வார்த்த கல்லை நீரில் ஊறவைத்து, என்ன கசிகிறது என்று சோதிக்காமல் இறக்கவே கூடாது.

கிளிநொச்சி, ஆலைக்காரர்: எங்களிடம் உமி மலையாகக் கிடக்கிறது. பயன்படுமா?

ஐயா, நான் காத்திருந்த கேள்வி இது. நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி, உமியை எரித்தால் அதில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, சுண்ணாம்போடு சேர்ந்து இறுகுவது அதுதான். இரணைமடுத் தண்ணீரில் விளைந்த நெல்லின் உமி முல்லைத்தீவுக் கடலில் கல்லாக நிற்கலாம் என்பதை நினைத்தாலே எனக்கு உற்சாகம்.

ஆனால் எரிப்பில்தான் எல்லாம் இருக்கிறது. 700 பாகை செல்சியசுக்கு மேல் நெடுநேரம் எரிந்தால் சிலிக்கா பளிங்காகிச் சோம்பிப்போகும், சுண்ணாம்போடு சேராது. முற்றத்தில் குவித்துக் கொளுத்தினாலோ பாதி கரியாக நிற்கும். கரி தண்ணீரை உறிஞ்சிக் கலவையைக் கெடுக்கும். சூட்டை அடக்கி எரித்து, மாவாக அரைத்த சாம்பல் என்றால், சீமெந்தில் 10 முதல் 20 வீதம் வரை அதற்கு இடம் கொடுக்கலாம். உங்கள் சாம்பலில் ஒரு பிடி எடுத்து விரல்களுக்கிடையில் தேய்த்துப் பாருங்கள். நறநறத்தால் இன்னும் அரைக்க வேண்டும்.

வவுனியா மாணவர்: அச்சிட்டாலே சூழலுக்கு நல்லதுதானே?

இல்லை. அச்சுக்கலவை இடியப்ப மா மாதிரி. உரலில் இலகுவாக இறங்க வேண்டும், விழுந்ததும் குலையாமல் நிற்க வேண்டும். அதற்காகப் பெரிய சல்லியைத் தவிர்க்கிறோம், அதனால் சீமெந்து கூடுகிறது. உலகின் காபனீரொட்சைட்டு வெளியேற்றத்தில் ஏறத்தாழ 8 வீதம் சீமெந்தால் வருவது. கலவையை மாற்றாமல் மெசினை மட்டும் வாங்கினால் வார்ப்புப் பலகைச் செலவு மிச்சமாகும், அவ்வளவுதான்.

அச்சின் பலன் வடிவத்தில். பொந்து, வளைவு, நிழல் எல்லாம் வரும். இரண்டு வருடம் முன்பு வழவழப்பான ஓடு ஒன்றையும் அச்சு ஓடு ஒன்றையும் ஒரே கயிற்றில் கட்டிக் கடலில் தொங்கவிட்டேன். அச்சு ஓட்டின் வரிகளுக்கிடையில், விரல்நகம் மட்டுமே நுழையும் இடுக்குகளில், கொட்டலசு என்ற சிறு ஓட்டுயிர் வரிசையாக உட்கார்ந்திருந்தது. ஹொங்கொங்கில் 2020இல் இறக்கிய அச்சு ஓடுகளில் சீமெந்தே இல்லை, சுட்ட களிமண்தான்.

கம்பி எத்தனை நூல் தடிப்பில் போட வேண்டும்?

கம்பி வேண்டாம். உப்பு உள்ளே இறங்கும், கம்பி துருவேறி வீங்கிக் கல்லைப் பிளக்கும்.

முருகைக்கல்லை நொறுக்கிச் சல்லியாகப் போடலாமா?

கூடாது. பாரை உடைத்துப் பார் கட்டுவதா? கழுவிய சிப்பி ஓடு போடுங்கள்.

செம்மலை வாசகர்: 2021இல் வடகடலில் பழைய பஸ்களை இறக்கினார்கள். செலவில்லாத வழி அதுதானே? இழுவைப்படகும் கிட்ட வராது.

கொக்கிளாய் சம்மாட்டி (கரைவலை முதலாளி): எங்கள் கரைவலைப் பாட்டில், வலை வளைக்கும் இடத்தில், இப்படி எதையாவது போட்டால் கிழிகிற வலை மடிக்கு யார் பொறுப்பு?

இருவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். பஸ்ஸின் தகடு மெல்லியது, உப்புநீரில் கரைந்துபோகும். மிஞ்சுவது பெயின்ற்றும் றப்பரும். புளோரிடாவில் 1970களில் ஏறத்தாழ 20 இலட்சம் டயர்களைக் கட்டி இறக்கினார்கள். கட்டு அறுந்து, டயர்கள் உருண்டு, பக்கத்திலிருந்த உயிர்ப்பாரை நொறுக்கின. பல வருடங்களாக அவற்றைப் பொறுக்கி எடுக்கிறார்கள்.

இழுவைப்படகின் மேல் உள்ள கோபம் நியாயமானது. 2017இல் இழுவைமடிக்குச் சட்டத்தடை வந்தும் அடிக்கடல் உழப்படுகிறது. ஆனால் தடுப்புக் கல் வேறு, மீன் வாழும் கல் வேறு. தடுப்புக்கு எடை முக்கியம், மற்றதற்குப் பொந்து. சம்மாட்டி ஐயா கேட்பதுதான் முதல் கேள்வி. பாடு எது, மற்ற வலைகள் விடும் இடம் எது என்று சங்கங்களோடு உட்கார்ந்து குறிக்காமல் ஒரு கல்லும் இறங்கக்கூடாது. கடற்றொழில் திணைக்களமும் கரையோரம் பேணல் திணைக்களமும் அதற்குப் பிறகு.

செம்மலை வாசகர்: பஸ்ஸுக்குள் மீன் நிற்கிறதைக் கண்டவன் நான்.

நிழலிருந்தால் மீன் நிற்கும் அண்ணை. பத்து வருடம் கழித்து அந்த நிழல் இருக்குமா என்பதுதான் என் கேள்வி.

கம்பி இல்லாமல் தூக்கும்போது உடையாதா?

கம்பி வேண்டாம் என்று மேலே சொல்லிவிட்டேன். பசால்ற் என்ற எரிமலைக் கல்லின் நார் கலக்கலாம். அச்சுக்கல் வரிக்கும் வரிக்கும் இடையில்தான் பிரியும். அதனால் பக்கவாட்டில் கொளுவாமல் அடியில் பட்டி போட்டுத் தூக்குங்கள்.

எந்த மீன் வரும்? கலவாய் வருமா?

நாராவை (தேசிய நீரியல்வள ஆராய்ச்சி நிறுவனத்தை) கேளுங்கள்.

முள்ளியவளை, உயர்தர மாணவி: நாங்கள் என்ன செய்து பார்க்கலாம்?

உள்ளங்கை அளவில் நான்கு ஓடுகள் வார்த்துப் பாருங்கள் தங்கச்சி. இரண்டு வெறும் சீமெந்தில், இரண்டு உமிச் சாம்பல் சேர்த்து. எல்லாவற்றின் ஒரு பக்கத்தையும் முள்ளுக்கரண்டியால் கீறிவிடுங்கள். வள்ளம் கட்டும் கட்டையில் தொங்கவிட்டு மாதம் ஒருமுறை படம் எடுங்கள். மார்கழியில் கட்ட வேண்டாம், வாடை கயிற்றை அறுத்துவிடும். பங்குனியில் கட்டுங்கள்.