முதலெழுத்துகள் முட்டிக்கொள்ளும் இடம்: சுருக்கப்பெயர்கள் பற்றிய கேள்வி பதில்

நாளிதழ் ஒன்றில் மெய்ப்புத் திருத்தி ஓய்வுபெற்றவன் நான். தி.மு.க.வுக்குப் புள்ளி உண்டா இல்லையா என்று இரவுப் பணியில் சண்டை போட்டுச் சம்பளம் வாங்கியவன். சுருக்கப்பெயர்கள் பற்றி எதையும் கேளுங்கள். சுருக்கெழுத்து பற்றி மட்டும் வேண்டாம். அது தட்டச்சுப் பயிலகத்தில் கோடும் வளைவுமாகக் கற்றுத்தருவது, வேறு கலை. கைபேசியில் வந்த ‘விரிவாக்கம்’ எதையும் அனுப்புவதற்கு முன் ஒரு நிமிடம் யோசியுங்கள்.

திருச்சி மாணவி: ஐயா, ஆங்கிலத்தில் ‘நாசா’ என்பதை ஒரே சொல்லாகவும் ‘பி.பி.சி.’ என்பதை எழுத்தெழுத்தாகவும் சொல்கிறோம். இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் இருப்பதாகப் பாடத்தில் வருகிறது. தமிழில் இந்தப் பிரிவு உண்டா?

நல்ல கேள்வியோடு தொடங்கியிருக்கிறீர்கள். தமிழில் அந்தப் பிரிவுக்கு வேலையே இல்லை. ஆங்கில எழுத்து வெறும் ஒலிக்குறி. மூன்று மெய்கள் அடுத்தடுத்து வந்தால் வாய் திறக்காது, ஆகவே எழுத்தின் பெயரைச் சொல்லித்தான் ஆகவேண்டும். நாம் சுருக்கும்போது எடுப்பதோ உயிர்மெய். ‘தி’, ‘மு’, ‘க’ மூன்றும் தாமே அசைகள். அவற்றுக்கு வேறு பெயரும் கிடையாது, ஒலியே பெயர். ஆகவே திமுக என்பதை எழுத்தெழுத்தாகச் சொன்னாலும் ஒரே சொல்லாகச் சொன்னாலும் காதுக்கு ஒன்றுதான். தமிழ் மாநில காங்கிரஸ் 1996இல் பிறந்த கையோடு ‘தமாகா’ ஆனது. நெடில் நெடிலாகவே வந்து உட்கார்ந்துகொண்டது.

இன்னொன்றையும் கவனியுங்கள். திமுக, அதிமுக, மதிமுக, தேமுதிக, அமமுக, தவெக ஆகியவற்றின் கடைசிக் ‘க’ கழகம். பாமக, பாஜக, விசிக, நாதக ஆகியவற்றின் ‘க’ கட்சி. விரிவு வேறாக இருந்தாலும், அந்தக் ‘க’ இப்போது ஏறக்குறைய ஒரு விகுதி. புதிதாக நான்கு எழுத்து காதில் விழுந்து ‘க’வில் முடிந்தால், ‘இது எந்தக் கட்சி?’ என்றுதான் கேட்கிறோம். மதிமுகவில் ஒரு சுருக்கப்பெயருக்குள் இன்னொன்று முழுதாக உட்கார்ந்திருக்கிறது. அதன் ‘ம’ மறுமலர்ச்சி. மீதி மூன்று எழுத்தும் பழைய வீடு.

மதுரை ஆசிரியர்: புள்ளி வைக்க வேண்டுமா, வேண்டாமா?

இரண்டும் வழக்கில் இருக்கின்றன. நாளிதழ்கள் பல புள்ளியை விட்டுவிட்டன, தலைப்பில் இடம் மிச்சம். புள்ளியை எடுத்தால் வேறு சொல்லாகப் படியுமா என்று மட்டும் பாருங்கள். ‘மதிமுக’ என்பதை அரசியல் தெரியாதவர் நிலா முகம் என்று படிக்கலாம். ஒரே கட்டுரையில் மேலே ‘தி.மு.க.’, கீழே ‘திமுக’ என்று எழுதுகிறவரை நான் மன்னிப்பதில்லை.

சேலம் வாசகர்: ‘நியூஸ்’ என்பது வடக்கு, கிழக்கு, மேற்கு, தெற்கு ஆகிய ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளா?

இல்லை. ‘புதியவை’ என்ற பொருளில் ‘நியூ’ என்பதிலிருந்து வந்தது. இந்த அமர்வில் பலமுறை சொல்லப்போவதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பெயர் பழையதாக இருந்து விரிவு மட்டும் அழகாக இருந்தால், விரிவு பின்னால் ஒட்டவைத்தது. முதலெழுத்துகளைக் கோத்துச் சொல் செய்யும் பழக்கம் ஆங்கிலத்திலேயே இருபதாம் நூற்றாண்டில்தான் பெருகியது. ரேடார், லேசர் இரண்டும் உண்மையான சுருக்கங்கள். ரேடார் 1940ஐ ஒட்டி அமெரிக்கக் கடற்படையில் பிறந்தது, லேசர் 1950களின் இறுதியில். அதற்கு முந்தைய சொல் எதற்கும் விரிவு சொன்னால் சந்தேகப்படுங்கள்.

விதிவிலக்காக ஒன்று உண்டு, அது ‘ஓ.கே.’ 1830களில் பாஸ்டன் பத்திரிகைக்காரர்களுக்கு வேண்டுமென்றே எழுத்துப்பிழையோடு சுருக்குவது ஒரு விளையாட்டு. ‘எல்லாம் சரி’ என்பதன் ஆங்கிலத்தைக் கொச்சையாக ‘ஓல் கொரெக்ட்’ என்று எழுதி, அதை ஓ.கே. ஆக்கினார்கள். 1839 மார்ச் 23ஆம் தேதி பாஸ்டன் மார்னிங் போஸ்ட் இதழில் அச்சாகியிருக்கிறது. 1960களில் ஆலன் வாக்கர் ரீட் என்ற மொழி ஆய்வாளர் தோண்டியெடுத்தார். அந்த விளையாட்டில் பிறந்த மற்றவை செத்துப்போயின, இது மட்டும் உலகம் சுற்றுகிறது.

ஈரோடு வாசகர்: ‘டிப்ஸ்’ பற்றியும் அப்படி ஒரு விரிவு வந்தது ஐயா…

மேலே பாருங்கள்.

தஞ்சாவூர் வாசகி: தாத்தா காலத்துக் கிரயப் பத்திரத்தில் ‘ஷை சொத்து’, ‘ஷையார்’ என்று வருகிறது. ஷை என்பது யார்? எங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு பெயரே இல்லை.

இந்தக் கேள்விக்காகவே இந்த அமர்வு தகும் அம்மா. ஷை என்று ஆளே கிடையாது. ‘மேற்படி’ என்பதைத்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள். ஏட்டிலும் கணக்கிலும் எழுதிய நம் முன்னோர், அடிக்கடி வரும் சொற்களுக்குத் தனிக் குறிகள் வைத்திருந்தார்கள். நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, ஆண்டுக்கு ௵, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸. இந்தக் கடைசிக் குறி பார்வைக்கு ‘ஷை’ போலவே இருக்கும். தட்டச்சுப் பொறியில் இந்தக் குறிக்கு விசை இல்லாதபோது, எழுத்தர்கள் கிட்டத்தட்ட இருந்த ‘ஷை’யைத் தட்டினார்கள். படித்தவர்கள் ‘மேற்படி’ என்றே வாசித்தார்கள். ஆகவே ‘ஷையார்’ என்றால் மேற்படியார், அதாவது முன் வரியில் பெயர் சொல்லப்பட்டவர்.

அதே பத்திரத்தில் பெயருக்கு நடுவே (எ) என்று இருந்தால் ‘என்கிற’ என்று படியுங்கள். ‘த/பெ’ தந்தை பெயர், ‘க/பெ’ கணவர் பெயர். ௳ முதலான அந்தக் குறிகளெல்லாம் இன்று கணினியிலும் உண்டு. மாதக் குறியை ‘மீ’ என்று நினைத்து அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம்.

சென்னை வாசகர்: சி.ஐ.டி. நகரில் துப்பறியும் போலீசார் குடியிருந்தார்களா?

இல்லை. அது நகர மேம்பாட்டு அறக்கட்டளையின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம், கடைசி எழுத்து ‘ட்ரஸ்ட்’. தமிழில் எழுதியதும் அதுவும் சி.ஐ.டி., போலீசும் சி.ஐ.டி. இது ஒரு பெரிய தொல்லை. ஆங்கிலத்தில் இரண்டு எழுத்தாக இருப்பவை நம்மிடம் ஒரே ‘டி’. வங்கியில் எடுக்கும் வரைவோலை டி.டி., காயம் பட்டால் போடும் ஊசியும் டி.டி. ரத்த அழுத்தம் பி.பி., நீதிமன்றத்தில் நிற்கும் அரசு வழக்கறிஞரும் பி.பி. இடம் பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும்.

சென்னையின் ஊர்ப்பெயர்களே ஒரு தனிப் பாடம். மகாகவி பாரதியார் பெயரில் வியாசர்பாடிப் பக்கம் ஒரு நகர் வைத்தோம். மக்கள் அதை எம்.கே.பி. நகர் ஆக்கிவிட்டார்கள். மகாகவிக்கே அங்கே இரண்டு ஆங்கில எழுத்து! அரும்பாக்கத்தில் எம்.எம்.டி.ஏ. காலனி இருக்கிறது. அந்தப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் சி.எம்.டி.ஏ. ஆகிப் பல காலம் ஆயிற்று, காலனி மட்டும் பழைய மெட்ராஸைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

யாழ்ப்பாணத்து வாசகர்: வணக்கம் ஐயா. ‘டி’ குழப்பம் தமிழ்நாட்டுக்குத்தான். நாங்கள் ரி.வி. என்றுதான் எழுதுகிறோம். ‘டி’யை வேறு எழுத்துக்கு வைத்திருக்கிறோம். உங்கள் பத்திரிகைகள் ‘டெலோ’ என்று எழுதிய இயக்கம் எங்களுக்கு ‘ரெலோ’.

சரியாகச் சொன்னீர்கள். ‘நம்மிடம்’ என்று நான் எழுதியது தமிழ்நாட்டை மட்டும்தான் குறிக்கும்.

கோவை வாசகர்: ‘ரி.வி.’ என்றால் ரகரம் அல்லவா? ரயில் என்று எழுதும்போது வரும் எழுத்தை இதற்கும் வைத்தால் குழப்பம் இடம் மாறுகிறது, அவ்வளவுதான். தமிழில் இதற்கு என்ன இலக்கணம் இருக்கிறது?

யாழ்ப்பாணத்து வாசகர்: ‘காற்று’, ‘வெற்றி’ என்பவற்றை நாங்கள் எப்படி ஒலிக்கிறோம் என்று கேட்டுப் பாருங்கள், விளங்கும்.

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, விளக்குகிறேன். ‘வெற்றி’யின் ‘ற்ற்’ ஈழத்து நாவில் பல்லுக்குச் சற்று மேலே, பல் ஈறில் தட்டி ஒலிக்கிறது. ஆங்கில ‘ட்’டும் அங்கேதான் பிறக்கிறது. நம் டகரமோ நாக்கை மடித்து மேலண்ணத்தில் தொடுவது. ஒலிப்பிடத்தைப் பார்த்தால் ஈழத்து முறை நெருக்கமானது. சொல்லின் நடுவிலும் ஈற்றிலும் அவர்கள் றகரத்தையே போடுகிறார்கள், ‘ரிக்கற்’ என்பதைப் பாருங்கள். முதலில் றகரம் வராது என்பதால் ரகரம் அந்த இடத்தில் நிற்கிறது.

கோவைக்காரருக்கும் ஒரு வார்த்தை. இலக்கணம் என்று கிளம்பினால் இருவருமே தோற்போம். தொல்காப்பியப்படி ரகரமும் சொல்லுக்கு முதலில் வராது, டகரமும் வராது, லகரமும் வராது. அதனால்தான் இராமன், இலக்குவன் என்று முன்னால் ஓர் உயிரைச் சேர்த்தார்கள். நாவலர் நெடுஞ்செழியனின் முன்னெழுத்து ‘இரா.’ என்று இரண்டெழுத்தாக நிற்பதும் இதே மரபில்தான்.

கோவை வாசகர்: அப்படியானால் டி.வி.யை ‘இட்டி.வி.’ என்று எழுதலாமா?

எழுதுங்கள். முதல் ஆளாக நான் சிரிக்கிறேன்.

மட்டக்களப்பு வாசகி: எங்களிடம் தமிழ்ச் சுருக்கங்களும் நிறைய இருக்கின்றன ஐயா. க.பொ.த., இ.போ.ச., பா.உ.

ஆம். கல்விப் பொதுத் தராதரம், இலங்கைப் போக்குவரத்துச் சபை, பாராளுமன்ற உறுப்பினர். தமிழ்நாட்டில் ‘ச.ம.உ.’ அச்சோடு நின்றுவிட்டது, தெருவில் எல்லோரும் எம்.எல்.ஏ. என்றுதான் சொல்கிறார்கள்.

விருதுநகர் வாசகர்: எம்.எல்.ஏ.க்கள் என்பதில் ‘க்’ எதற்கு?

பூ பூக்கள் ஆவதுபோல. கடைசியில் தனித்து ஒலிக்கும் நெட்டெழுத்து, அதனால் வல்லினம் இரட்டிக்கிறது. வேற்றுமை உருபு சேர்க்கும்போதும் எழுத்தைப் பார்க்காதீர்கள், ஒலியைப் பாருங்கள். எல்.ஐ.சி.யில், எம்.ஜி.ஆருக்கு.

நாமக்கல் வாசகர்: செஸ் என்பது ரதம், குதிரை, யானை, சிப்பாய்…

இல்லை. பாரசீகத்து ‘ஷா’, அதாவது அரசன், பிரெஞ்சு வழியாக வந்து செஸ் ஆனது.

பெயர் சொல்லாதவர்: ஆதார் விரிவு என்ன? ஆவின் விரிவு என்ன?

இரண்டுக்கும் விரிவு கிடையாது. ஆதாரம் என்ற சொல்தான் ஆதார். ‘ஆ’ என்றால் பசு, ‘ஆவின் பால்’ என்பதை நிறுத்திப் படித்துப் பாருங்கள். ஆங்கிலப் பேரெழுத்தில் எழுதிய எல்லாமே சுருக்கம் ஆகிவிடாது. பான் கார்டின் ‘பான்’ சுருக்கம், சிம் சுருக்கம், டாஸ்மாக் சுருக்கம். அந்தக் கடைசி ஒன்று ஒரு வாணிபக் கழகத்தின் பெயர் என்பதே மறந்து கடைக்கே பொதுப்பெயராகிவிட்டது. ‘நிதி ஆயோக்’ என்பதில் மட்டும் எச்சரிக்கை தேவை. அதன் ஆங்கில எழுத்துகள் கொள்கை என்று பொருள்படும் இந்திச் சொல் வரும்படி பார்த்துக் கோக்கப்பட்டவை. தமிழில் ‘நிதி’ என்று படித்ததும் பணம் நினைவுக்கு வருகிறது. நிதிக் குழு என்பது வேறு அமைப்பு. இந்தப் பிழையைச் செய்தியிலேயே திருத்தியிருக்கிறேன்.

திருநெல்வேலி வாசகர்: பெயருக்கு முன் ஆங்கில முன்னெழுத்து போடுவது அடிமைப் புத்தி அல்லவா? அரசே தமிழில் எழுதச் சொல்லிவிட்டதே.

2021 இறுதியில் அரசு அப்படி ஆணையிட்டது, நல்ல ஆணை. உங்கள் பெயரை ‘சு.’ என்று தொடங்குங்கள், யார் தடுத்தது? அடுத்தவர் பெயரில் கை வைக்காதீர்கள். உ.வே.சா., ம.பொ.சி., கி.வா.ஜ. தமிழ் எழுத்தில் நின்றவர்கள். டி.கே.சி. ஆங்கில எழுத்தில் நின்றார், அவரைவிடக் கம்பனைக் காதலித்தவர் யார்? பெரியார் ஒருவருக்கே ஈ.வெ.ரா. என்றும் ஈ.வி.ஆர். என்றும் இரண்டு வடிவம் ஓடுகிறது. ராஜாஜியைச் சி.ஆர். என்றும் அழைத்தார்கள். எம்.ஜி.ஆரை ‘ம.கோ.இரா.’ என்று எழுதி மேசைக்கு வந்த கட்டுரை ஒன்றை நான் திருத்தியதுண்டு. வாசகனுக்கு ஆள் யார் என்று புரிய வேண்டும்.

முன்னெழுத்து என்றால் அப்பா பெயர்தான் என்று முடிவு கட்டுகிறவர்களுக்கும் ஒன்று. எம்.எஸ். சுப்புலட்சுமியின் ‘எம்’ மதுரை, ‘எஸ்’ அவர் தாயார் சண்முகவடிவு.

திருநெல்வேலி வாசகர்: அப்படியென்றால் தமிழ் எழுத்து வேண்டாம் என்கிறீர்களா?

உங்களுக்கு எழுதிய பதிலின் முதல் வரியைத் திரும்பப் படியுங்கள்.

வேலூர் வாசகி: ‘பின் நம்பர்’, ‘ஏ.டி.எம். மெஷின்’ தவறா?

நம்பர் இரண்டு முறை வருகிறது, மெஷினும் இரண்டு முறை. பேச்சில் விட்டுவிடுங்கள், அச்சில் ஏ.டி.எம். போதும். எல்.இ.டி. விளக்கு தவறில்லை, அதில் விளக்கு என்ற சொல் ஒளிந்திருக்கவில்லை.

கரூர் வாசகர்: கம்ப்யூட்டரின் முழு விரிவு…

விரிவு இல்லை. போலீசுக்கும் இல்லை, கோல்ஃபுக்கும் இல்லை. இனி இந்த வகைக் கேள்விக்குப் பதில் எழுத மாட்டேன்.

தாம்பரம் வாசகர்: எங்கள் பாரதி நகர் குடியிருப்போர் நலச் சங்கத்துக்குச் சுருக்கப்பெயர் வைக்கச் செயற்குழு கூடுகிறது. ‘பா.ந.கு.ந.ச.’ சரியாக இருக்குமா?

வேகமாக மூன்று முறை சொல்லுங்கள். ‘ந’ இரண்டு முறை வந்து நாக்கை மடக்கும், கேட்பவருக்கு எந்த ‘ந’ நகர், எந்த ‘ந’ நலம் என்று தெரியாது. ஆங்கில எழுத்தில் வைத்தால் ஐந்து எழுத்துக்கும் பெயர் சொல்லியாக வேண்டும், இன்னும் நீளும். ‘பாரதி நகர் சங்கம்’ என்று வையுங்கள். ரசீதுப் புத்தகத்திலும் பலகையிலும் முழுப்பெயர் இருக்கட்டும். பலகை எழுதுபவரிடம் ‘குடியிருப்போர்’ என்பதில் ‘ப்’ விடாமல் எழுதச் சொல்லுங்கள், பாதிப் பலகைகளில் அது இல்லை.